எடுக்கலாமா, கூடாதா? 'டேக்' என்னும் சொல்லும் நம் சிவப்புப் பேனாவும்



ஆங்கிலத்தில் 'டேக்' என்றொரு சின்னச் சொல் இருக்கிறது. மாத்திரைக்கும் அதுதான், பேருந்துக்கும் அதுதான். குளியல், தேர்வு, புகைப்படம், விடுப்பு, அறிவுரை, பழிவாங்கல் என்று எதைக் கொடுத்தாலும் அந்த ஒரே சொல் சமாளித்துவிடும். வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுக்க இந்தச் சொல்லைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகள், தமிழில் பேசும்போது அதற்கு ஒரே மாற்றாக 'எடு' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"சார், நான் பஸ் எடுத்துத்தான் வர்றேன்."

"டீச்சர், தம்பி இன்னும் மருந்து எடுக்கல."

"அடுத்த வருஷம் எஸ்.பி.எம். எடுக்கணும்."

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாடம் நடத்தும் எவருக்கும் இந்த வாக்கியங்கள் புதியவை அல்ல. இவற்றை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதுதான் கேள்வி. நம்மில் ஒரு சாரார், "பேச்சு வழக்குதானே, விட்டுடுங்க" என்று கடந்துபோகிறோம். இன்னொரு சாரார், கட்டுரையில் 'எடு' எங்கே தென்பட்டாலும் வட்டமிட்டு, மேலே 'மேற்கொள்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டுமே மாணவருக்கு உதவவில்லை என்பது என் கருத்து. முதல் வழியில் பிழை தங்கிவிடுகிறது. இரண்டாவது வழியில் நல்ல தமிழும் பிழையோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது.

ஒரு மாதிரிப் பத்தி

நாம் அடிக்கடி பார்க்கும் நடையில் ஒரு பத்தியை இங்கே அமைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள்.

"காலையில் எழுந்து குளியல் எடுத்தேன். சிற்றுண்டி எடுத்துவிட்டுப் பேருந்து எடுத்துப் பள்ளிக்குச் சென்றேன். பள்ளியை அடைய அரை மணி நேரம் எடுத்தது. அன்று நடந்த ஓட்டப் போட்டியில் நான் பங்கெடுத்தேன். ஆசிரியர் எங்களைப் படம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருந்ததால் சற்று ஓய்வு எடுத்தேன்."

ஏழு இடத்தில் 'எடு' வந்திருக்கிறது. ஏழையும் வட்டமிடத் தோன்றும். பொறுங்கள். பங்கெடுத்தேன், படம் எடுத்தார், ஓய்வு எடுத்தேன் ஆகிய மூன்றிலும் குற்றம் இல்லை. முதல் நான்கைத்தான் திருத்த வேண்டும்:

"காலையில் எழுந்து குளித்தேன். பசியாறிவிட்டுப் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குச் சென்றேன். பள்ளியை அடைய அரை மணி நேரம் பிடித்தது."

திருத்திய பிறகு வாக்கியங்கள் சுருங்கியிருப்பதைக் கவனியுங்கள். 'குளியல் எடுத்தேன்' என்பதில் இரண்டு சொல். 'குளித்தேன்' என்பதில் ஒன்று. 'பசியாறு' என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பாருங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று காலையில் வீட்டுக்கு வந்தவரைக் கேட்பது நம் மண்ணில் ஊறிப்போன வழக்கம். பசி ஆறுவது என்ற பொருளை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது 'சிற்றுண்டி எடுத்தேன்' என்று எழுதும் பிள்ளை, தன் பாட்டியின் சொல்லைக் கீழே போட்டுவிட்டு வேறொருவர் சொல்லைத் தூக்கிக்கொள்கிறது.

தமிழ் 'எடு' மனத்தில் வரையும் படம்

எது சரி, எது தவறு என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'எடு' என்ற வினை நம் மனத்தில் எந்தப் படத்தை வரைகிறது என்று தெரிந்தால் போதும்.

கீழே இருப்பதை மேலே கொண்டுவருவதும், உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவதும்தான் 'எடு' காட்டும் படம். கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். காலில் தைத்த முள்ளை எடுக்கிறோம். பாம்பு படம் எடுக்கிறது. அதாவது தலையை உயர்த்தி விரிக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும், சிங்கப்பூரில் ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் வழியிலும் காவடி எடுக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள். தோளுக்கோ தலைக்கோ உயர்த்திச் சுமப்பதால் அங்கே 'எடு' பொருந்துகிறது. ஆலாத்தி எடுப்பதும் அப்படித்தான்.

உடலுக்குள் ஒன்று எழுந்து வந்தாலும் இதே வினைதான்: பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. இவற்றுக்கும் 'டேக்'குக்கும் எந்த உறவும் கிடையாது. ஆங்கிலத்தில் யாரும் பசியை 'டேக்' பண்ணுவதில்லை.

பழைய தமிழிலும் இந்த 'உயர்த்துதல்' பொருள் தெளிவாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஐந்தாம் காதைக்குப் பெயர் 'இந்திரவிழவு ஊரெடுத்த காதை'. ஊரே சேர்ந்து விழாவை நடத்தியது என்பது பொருள். 'விழா எடுத்தார்கள்' என்று நாம் இன்றும் சொல்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கட்டிய கோயிலை 'எடுப்பிச்ச' கற்றளி என்றே குறிப்பிடுகிறான். நன்னூல் எழுத்தியலில் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலிப்பு வேறுபாடு பேசப்படுகிறது. குரலை உயர்த்துவது எடுத்தல், தாழ்த்துவது படுத்தல். "அவள் எடுத்துப் பாடினாள்" என்று நாம் சொல்வதும் அந்த வழியில் வந்ததுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, தீபாவளிக்கு 'துணி எடுத்தோம்' என்று மாணவர் எழுதினால் 'துணி வாங்கினோம்' என்று திருத்துவது நியாயமா? அடுக்கிலிருந்து பார்த்துப் பார்த்து எடுப்பதால் அது துணி எடுப்பு. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் புழங்கும் தமிழ் அது. அதை ஆங்கிலத் தாக்கம் என்று அடித்தால், சரியாக எழுதிய பிள்ளைக்கு நாமே தவறான பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

எங்கே இடிக்கிறது?

'டேக்' காட்டும் படம் வேறு. ஒன்றைத் தன் பக்கம் கொண்டுவருவது, தனக்கு ஆக்கிக்கொள்வது என்பதே அதன் அடிப்படை. தமிழில் அந்தப் பொருளுக்கு வாங்கு, பெறு, கொள், ஏற்றுக்கொள் என்று பல வினைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் 'எடு' மீது சுமத்தும்போது பொருள் குழம்புகிறது. நான்கு இடங்களைப் பார்ப்போம்.

*பேருந்து.* "டிரைவர் பஸ்ஸ எடுத்துட்டாரு" என்றால் ஓட்டுநர் பேருந்தைக் கிளப்பிவிட்டார் என்று பொருள். "வண்டிய எடு" என்றாலும் அதேதான். அப்படியிருக்க, "காலையில் பேருந்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன்" என்று மூன்றாம் படிவ மாணவர் எழுதினால், அவரே பேருந்தை ஓட்டிச் சென்றதாகத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது! பயணி பேருந்தில் ஏறுவார், அல்லது பேருந்தைப் பிடிப்பார்.

*மருந்து.* "தாத்தா மருந்து எடுத்துட்டாரா?" "எடுத்துட்டாரு." தாத்தா மருந்தகத்திலிருந்து மருந்தை வாங்கி வந்துவிட்டாரா, சாப்பிட்டுவிட்டாரா? இந்தப் பதிலை நம்பி வீட்டில் இன்னொருவர் மீண்டும் மாத்திரை கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். மருந்து சாப்பிடு, மருந்து குடி, மாத்திரை போடு, எழுத்தில் 'உட்கொள்' என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. 'மருந்து எடுத்துக்கொண்டார்' என்ற வழக்கு இன்று தமிழ்நாட்டிலும் பரவலாக இருக்கிறது. அதில் 'கொள்' சேர்ந்திருப்பதால் செயல் தனக்கே என்ற பொருள் ஓரளவு வந்துவிடுகிறது. வெறும் 'எடுத்தார்' அந்த வேலையைச் செய்யாது.

*பாடம்.* இது நம் நாட்டில் மிக முக்கியமான இடம். "எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுங்கள்" என்று மாணவர்களை ஊக்கப்படுத்துகிறோம். ஆனால் தமிழில் பாடம் எடுப்பவர் ஆசிரியர். "அவர் எங்களுக்கு இலக்கணம் எடுத்தார்" என்றால் அவர் நடத்தினார் என்று பொருள். மாணவர் பாடத்தைப் படிக்கிறார், பயில்கிறார், தேர்ந்தெடுக்கிறார். 'தேர்ந்தெடு' என்பதிலும் 'எடு' இருக்கிறதே என்று கேட்பீர்கள். பலவற்றை ஆராய்ந்து ஒன்றைத் தனியே எடுக்கும் செயல் அங்கே நடக்கிறது, ஆகவே பொருந்துகிறது.

*தேர்வு.* தமிழில் தேர்வு எழுதுகிறோம். மலேசியத் தமிழ் நாளிதழ்களில் 'தேர்வுக்கு அமர்ந்த மாணவர்கள்' என்றும் எழுதுகிறார்கள். அது ஆங்கிலம், மலாய் வழக்குகளை ஒட்டி வந்தது. ஆனாலும் தேர்வறையில் அமர்வது உண்மையாகவே நடக்கிறது. படம் தெளிவாக இருக்கிறது. அதனால் அது நிலைத்துவிட்டது. 'தேர்வு எடுத்தேன்' என்பதில் அப்படி ஒரு படம் வரவில்லை. ஆனால் 'எழுபது புள்ளி எடுத்தான்' என்று பேச்சில் சொல்வதைத் தடுக்க வேண்டியதில்லை. கட்டுரையில் 'பெற்றான்' என்று எழுதினால் நடை இன்னும் சீராக அமையும்.

மலாய் மொழி சொல்லும் சாட்சி

மலேசிய மாணவருக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் அழுத்தம் வருகிறது. மலாயின் 'அம்பில்' என்ற வினை பெரும்பாலும் 'டேக்' போலவே நடந்துகொள்கிறது. விடுப்புக்கும் அம்பில்தான், படத்துக்கும் அம்பில்தான், நடவடிக்கைக்கும் அம்பில்தான். இந்த மூன்றிலும் தமிழும் 'எடு' என்றே சொல்வதால் பிள்ளைகளுக்கு மூன்று மொழியும் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

ஆனால் மலாய்க்காரர் மருந்தை என்ன செய்கிறார்? 'மாக்கான் உபாட்' என்கிறார். மருந்து சாப்பிடுகிறார், நம்மைப் போலவே. பேருந்துக்கு 'நாயிக் பாஸ்' என்கிறார். அதாவது பேருந்தில் ஏறுகிறார், நம்மைப் போலவே. குளிப்பதற்கு 'மாண்டி' என்ற ஒற்றை வினையே போதும் அவருக்கு, நமக்குக் 'குளி' போதுவதைப் போல. இந்த மூன்று இடத்திலும் தமிழும் மலாயும் ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம்.

இதை வகுப்பில் காட்டிப் பாருங்கள். "இப்படிச் சொல்லாதே, அப்படிச் சொல்லு" என்று நூறு முறை திருத்துவதைவிட, "மலாயில் இதை எப்படிச் சொல்வே?" என்று ஒரு முறை கேட்பது பலன் தரும். மொழிக்கு மொழி செயலைப் பார்க்கும் கோணம் மாறும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு மூன்று மொழி தெரிந்திருப்பது நம் மாணவரின் குறை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி அது.

'மேற்கொள்' என்னும் மாற்று

இனி நம் பக்கத்துக் குறைக்கு வருவோம். 'எடு' கூடாது என்று சொல்லி நாம் கொடுக்கும் மாற்று பெரும்பாலும் 'மேற்கொள்'தான். முயற்சி மேற்கொள், பயணம் மேற்கொள், நடவடிக்கை மேற்கொள், ஆய்வு மேற்கொள், சிகிச்சை மேற்கொள். மாதிரிக் கட்டுரைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இதுதான். பயணம், நோன்பு, ஆய்வு போன்றவற்றுக்கு அது நல்ல சொல். முன்வந்து ஒன்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் பொருள் அதில் இருக்கிறது. 'ஓய்வு மேற்கொண்டேன்' என்று எழுதும்போதோ சிரிப்புத்தான் வருகிறது. களைப்பாக இருப்பவர் இளைப்பாறினால் போதாதா?

ஒரு பொதுச்சொல்லை நீக்கி, அந்த இடத்தில் இன்னொரு பொதுச்சொல்லை உட்கார வைப்பது திருத்தம் ஆகாது. 'எடு' பேச்சில் செய்ததை 'மேற்கொள்' எழுத்தில் செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. தமிழின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயரோடு சேர்ந்து வினையை ஆக்கும் சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு. இலக்கணம் படித்தவர்கள் வினையாக்கி என்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு வரும். ஆங்கிலம் 'டேக்' என்று சொல்லும் இடங்களில் தமிழ் எப்படியெல்லாம் பேசுகிறது, பாருங்கள்:

லீவு போட்டேன். கடன் வாங்கினார். பழி வாங்கினான். அறிவுரை கேட்டாள். பொறுப்பை ஏற்றார். மூச்சை இழுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. ஓட்டம் எடுத்தான்.

கடைசியில் 'எடு' மறுபடியும் வந்துவிட்டது, கவனித்தீர்களா? பயந்து ஓடுபவன் ஓட்டமெடுப்பது நல்ல தமிழ். எங்கே எந்த வினை வரும் என்பதைத் தமிழ் பேசியவர்கள் நெடுங்காலமாகப் பழகிப் பழகி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மாணவருக்குக் கைமாற்றுவதுதான் நம் வேலை.

'டேக்' தின்ற ஒரு சொல்

"ஒரே வினை எல்லாவற்றுக்கும் வந்தால் என்ன நட்டம்? ஆங்கிலம் அப்படித்தானே நன்றாக வாழ்கிறது?" என்று மேல்நிலை மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் 'டேக்'கின் சொந்தக் கதையிலேயே இருக்கிறது.

'டேக்' ஆங்கிலத்துக்குப் பிறந்த பிள்ளை அல்ல. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் பேசிய மொழியிலிருந்து வந்த சொல். அதற்கு முன் ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு 'நிமன்' என்ற சொந்த வினை இருந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் 'நேமன்' என்று இன்றும் அன்றாடம் வழங்குகிறது. ஆங்கிலத்திலோ வந்த சொல் மெல்ல மெல்லப் பரவி, சில நூற்றாண்டுகளில் இருந்த சொல்லை வெளியே தள்ளிவிட்டது. மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்ப்', சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' ஆகிய சொற்களில் மட்டும் அந்தப் பழைய வினையின் எலும்பு மிஞ்சியிருக்கிறது.

ஆங்கிலம் அதனால் அழிந்துவிடவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி, ஒரு சொல் போனால் வேறு பத்தை உண்டாக்கிக்கொள்ளும். நம் நிலை அப்படியா? நம் பிள்ளைகளில் பலர் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே தமிழைக் கேட்கிறார்கள். அவர்கள் வாயில் 'ஏறு' போய், 'குளி' போய், 'பசியாறு' போய், எல்லா இடத்திலும் 'எடு' வந்து உட்கார்ந்தால், அந்த வினைகளை மீண்டும் எங்கிருந்து கொண்டுவருவது? அகராதியில் சொல் இருக்கும். நாக்கில் இருக்காது.

தேர்வறையில் என்ன செய்யலாம்?

மாணவர்களே, கட்டுரையில் 'எடு' எழுதும் முன் மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேளுங்கள்.

1. ஏதாவது மேலே எழுகிறதா, உள்ளிருந்து வெளியே வருகிறதா, பலவற்றிலிருந்து ஒன்று தனியாகிறதா? ஆம் என்றால் 'எடு' பெரும்பாலும் பொருந்தும்.

2. அந்தச் செயலுக்கென்றே ஒற்றை வினை இருக்கிறதா? குளி, ஏறு, பசியாறு, உட்கார் போல இருந்தால் அதையே எழுதுங்கள்.

3. ஆங்கிலம் அதிகம் கலக்காமல் பேசும் பாட்டியோ தாத்தாவோ இதை இப்படிச் சொல்வாரா? ஐயம் வந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதுவும் படிப்புத்தான்.

நடவடிக்கை எடுத்தல், முடிவெடுத்தல், உறுதிமொழி எடுத்தல் போன்றவை முதல் கேள்விக்கு நேரடியாக அடங்காமல் போகலாம். ஆனாலும் இவை எழுத்துத் தமிழில் ஊன்றிவிட்டன, தயங்காமல் எழுதலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்தும்போது வட்டம் மட்டும் போடாமல், பக்கத்தில் 'ஏறு', 'எழுது', 'கேள்' என்று அந்த இடத்துக்குரிய வினையை எழுதுங்கள். சரியாக வந்த 'எடு' ஒன்றுக்காவது சரி அடையாளம் போடுங்கள். எது சரி என்று தெரியாத பிள்ளை, அடிவாங்கப் பயந்து அந்தச் சொல்லையே விட்டுவிடும்.

பயிற்சி

கீழே உள்ளவற்றில் எவற்றைத் திருத்த வேண்டும்?

அ. அண்ணன் டாக்சி எடுத்து மருத்துவமனைக்கு விரைந்தான்.
ஆ. ஊரார் ஒன்றுகூடிப் பாரதிக்கு விழா எடுத்தனர்.
இ. என் நண்பனின் அறிவுரையை எடுத்தேன்.
ஈ. நெடுந்தூரம் நடந்ததால் தாகம் எடுத்தது.
உ. தயவுசெய்து உங்கள் இருக்கையை எடுங்கள்.
ஊ. அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்றோம்.

விடை: அ, இ, உ ஆகிய மூன்றையும் திருத்த வேண்டும். அ: டாக்சியில் ஏறி (அண்ணனே டாக்சி ஓட்டுநராக இருந்தால் 'டாக்சியை எடுத்துக்கொண்டு' என்பது சரி). இ: அறிவுரையைக் கேட்டேன், அல்லது ஏற்றேன். உ: அமருங்கள். இருக்கையை எடுக்கச் சொன்னால் சிலர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடும்.